முதல் நாள் பயம்

"எனக்கு இது சரிவராது."

எங்கள் பெண்களிடம் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். தையல் வகுப்புக்கு வாருங்கள் என்றாலும், வங்கியில் ஒரு கணக்குத் திறப்போம் என்றாலும், கூட்டத்தில் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றாலும் இதே பதில்தான் வரும். சொல்பவர்கள் யார் என்று பார்த்தால், ஐந்து ஆறு தடவை இடம்பெயர்ந்தவர்கள். பங்கருக்குள் பிள்ளை பெற்றவர்கள். கணவனையோ மகனையோ தேடி முகாம் முகாமாக ஏறி இறங்கியவர்கள்.

"இவ்வளவையும் தாண்டி வந்த உங்களுக்கு இது ஒரு பயமா?" என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் கேட்கப்பட்டவள் இன்னும் கூசிப் போகிறாள். ஏற்கெனவே இருந்த பயத்தோடு, பயப்படுகிறேனே என்ற வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

என்னையும் அப்படிக் கேட்டார்கள். 2014 ஆம் ஆண்டு, எனக்கு 38 வயது. கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதான வீதியிலிருந்து வெகு உள்ளே இருக்கும் ஒரு கிராமத்தில், இரண்டு பிள்ளைகளோடும் மாமியோடும் மீளக்குடியேறியிருந்தேன். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் சீவியம். அப்போது ஒரு தொண்டு நிறுவனம் சுயதொழில் குழுக்களைப் பார்ப்பதற்குக் கள உத்தியோகத்தர் ஒருவரைத் தேடியது. என் படிப்புக்கு அது பொருந்தியது. ஒரேயொரு நிபந்தனை. ஒன்பது கிராமங்களுக்குப் போய்வர வேண்டும். எங்கள் பக்கத்துக்கு பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஆகவே மூன்று மாதத் தகுதிகாண் காலத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகி, அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட வேண்டும். ஸ்கூட்டி ஒன்றை அவர்களே தருவார்கள்.

சைக்கிள் எங்கள் பெண்களுக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத ஊரில், வடக்கு முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. நானும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவள். இருந்தும் அந்த ஸ்கூட்டியை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது, மூன்று நாட்கள் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவைத்தேன். "செல்லடிக்குள்ளாலை ரெண்டு பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு இது என்ன பெரிய விசயம்?" என்று ஊரில் ஒருவர் சிரித்தார்.

அந்தக் கேள்வியை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். 2009 இல் மாத்தளனில் இருந்து வட்டுவாகல் வரை நாங்கள் வந்தபோது யாரும் எங்களிடம் விருப்பம் கேட்கவில்லை. செல் விழுந்தது, ஓடினோம். நின்றால் சாவு. பயப்படுவதற்கும் நேரம் இருக்கவில்லை. பயம் எல்லாம் பிறகு, முகாமில், இரவில் வந்தது. புதிதாக ஒரு காரியத்தைத் தொடங்குவது வேறு வகை. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கலாம். யாரும் அடிக்க வரப்போவதில்லை. பின்வாங்குவதற்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது, அதனால்தான் கால் பின்னுக்கு இழுக்கிறது. இன்னொன்றும் உண்டு. நிறைய இழந்தவளிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம். என் கை கால் முறிந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு யார் என்ற எண்ணம், எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வந்து நிற்கும். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

நான்காம் நாள் இரவு மகளின் பழைய கொப்பியின் பின்பக்கத்தில், எதற்குப் பயப்படுகிறேன் என்று எழுதினேன். ஒரு பெரிய இருட்டாகத் தெரிந்தது எழுத எழுத ஆறாகப் பிரிந்தது. விழுந்து காயப்படுவது. அலுவலக வாகனம் உடைந்தால் காசு கட்ட வேண்டி வருமோ என்பது. பொலிஸ் மறித்தால் என்ன சொல்வது என்பது. எழுத்துப் பரீட்சை. பின்னால் வரும் பாரவண்டியின் இரைச்சல். கடைசியாக, ஊர்ச் சனத்தின் வாய்.

இவற்றில் இரண்டு மறுநாளே போய்விட்டன. வாகனம் சேதமானால் யார் பொறுப்பு என்று அலுவலகத்தில் கேட்டேன். காப்புறுதி இருக்கிறது என்றார்கள். பொலிஸ் மறித்தால் என்னென்ன பத்திரங்கள் காட்ட வேண்டும் என்று கேட்டு, அவற்றை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு ஸ்கூட்டியின் ஆசனத்துக்குக் கீழ் வைத்தேன். கேட்டுத் தெரிந்தால் போகிற பயம், பழகினால் போகிற பயம், இவை இரண்டும் வேறு. முதலாவதை மனதுக்குள் வைத்துப் புழுங்குவது வீண். கேட்க வெட்கப்படுவதால்தான் பலருக்கு அது ஆண்டுக்கணக்காக உள்ளே கிடக்கிறது.

மூன்றாவதாக ஒரு பயமும் உண்டு. அதற்குக் கட்டாயம் கீழ்ப்படிய வேண்டும். மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை நிற்கும் காணிக்குள் விறகு பொறுக்கப் போகாதே என்று மனம் சொன்னால், போகக்கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முற்றாக முடியவில்லை. அந்த வேலையில் எங்கள் பெண்களே எத்தனையோ பேர் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறினார்கள். அவர்கள் பயம் இல்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு முறையைப் பழகி, அந்த முறையை விட்டு விலகாமல் வேலை செய்தவர்கள்.

இனி உடம்பைப் பற்றிக் கொஞ்சம். ஸ்கூட்டிக்குக் கிட்டப் போனாலே என் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு கலங்கும். இது நோய் அல்ல. ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடித்து, ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ கை கால்களுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. உண்மையான ஆபத்தா, பழக்கமில்லாத பொருளா என்று மூளை உடனே பிரித்துப் பார்ப்பதில்லை. போரைக் கண்ட உடம்புக்கு இந்த மணி இன்னும் சுலபமாக அடிக்கும். பாரவண்டி ஒன்று பின்னால் இரைந்தால் கிபிர் வருகிறது போல என் தோள் தானாகக் குனியும்.

இதில் முக்கியமானது ஒன்று. அந்தப் படபடப்பு ஏறிக்கொண்டே போகாது. விட்டு ஓடாமல் அந்த இடத்திலேயே நின்றால், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். ஓடினால் உடனே நிம்மதிதான். ஆனால் ஓடியதால்தான் தப்பினேன் என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் தூரத்திலேயே தொடங்கிவிடும். சாக்குப் போட்டு மூடிய மூன்று நாளும் எனக்கு நடந்தது அதுதான்.

இதை மனநல அறிஞர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். 1924 இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண், முயலைக் கண்டால் வீரிட்டு அழும் மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவனுக்கு உதவிய விதத்தை எழுதினார். சிறுவன் விருப்பமானதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கூட்டில் வைத்துத் தூரத்தில் கொண்டுவந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்ட. முயலுக்குப் பயப்படாத மற்றப் பிள்ளைகளோடும் அவனை விளையாட விட்டார். கடைசியில் அவன் முயலைத் தடவி விளையாடினான். எங்கள் ஆச்சிமார் பிள்ளையைக் கடலில் குளிக்கப் பழக்குவதும் இப்படித்தான். முதல் நாள் கால் நனையும். அடுத்த நாள் முழங்கால்.

எனக்கு முயலைக் கிட்டக் கொண்டுவந்தது பக்கத்து வீட்டுத் தங்கச்சி. என்னை விட ஒன்பது வயது இளையவள். இயக்கத்தில் இருந்த காலத்தில் உழவு இயந்திரம், லொறி எல்லாம் ஓடியவள். புனர்வாழ்வு முடிந்து வந்து, தாயோடு கச்சான் பயிர் செய்துகொண்டிருந்தாள். அதிகம் வெளியே வரமாட்டாள். நான் போய்க் கேட்டதும், "சனம் எழும்ப முந்தி வாங்கோ அக்கா" என்றாள். காலை ஐந்தே முக்காலுக்குப் பள்ளிக்கூட மைதானம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் அவள் விடமாட்டாள். "இண்டைக்கு இவ்வளவும் காணும்" என்று திறப்பை வாங்கிவிடுவாள்.

முதல் இரண்டு நாளும் இயந்திரத்தை இயக்கவே இல்லை. ஸ்கூட்டியை மாடு மாதிரிப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்தேன். அதன் பாரம் எந்தப் பக்கம் சாயும், பிறேக் எவ்வளவு பிடித்தால் நிற்கும் என்று கைக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் ஸ்ரான்டில் நிற்க வைத்து இயக்கி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மேலே இருந்தேன். அவ்வளவுதான் அன்றைய பாடம். நான்காம் நாள் இரண்டு காலும் நிலத்தில் உரசியபடி பத்து யார் ஓடினேன்.

ஸ்கூட்டி பழகும் பெண்கள் எல்லோருக்கும் நடக்கிற ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வலது கைப்பிடியை முறுக்கினால் வேகம். பயந்தால் மனிதக் கை இறுகும். இறுகும் கை தன்னை அறியாமல் பிடியை முறுக்கும். வண்டி பாயும். பாய்ந்தால் பயம் கூடும், கை இன்னும் இறுகும். "அக்கா, உங்கடை கையிலை ஒரு கோழிக்குஞ்சு இருக்குதெண்டு நினைச்சுப் பிடியுங்கோ" என்றாள் அவள். இன்னொன்றும் சொன்னாள். "மரத்தைப் பாத்தால் வண்டி மரத்துக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தைப் பாருங்கோ." இது விளையாட்டுக் கதை அல்ல. கண் போகும் பக்கம் தோளும் கையும் திரும்புவதால் வண்டியும் அந்தப் பக்கம் போகிறது. மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நாங்கள் நினைப்போம். உண்மையில் மிக மெதுவாகப் போகும்போதுதான் இரண்டு சில்லு வண்டி தள்ளாடும். கொஞ்சம் வேகம் வந்ததும் நிமிர்ந்து ஓடும்.

எட்டாம் நாள் மணலில் சறுக்கி விழுந்தேன். முழங்காலில் தோல் உரிந்தது. பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்தது. விழுந்தால் என்ன ஆகும் என்று பத்து நாளாக மனதில் ஓடிய படத்தில் இரத்தமும் ஆசுபத்திரியும் அழும் பிள்ளைகளும் இருந்தார்கள். நடந்தது இவ்வளவுதான். தலைக்கவசமும் நீளக் காற்சட்டையும் போட்டிருந்ததால் இவ்வளவோடு போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மைதானத்துக்குள்தானே என்று தலைக்கவசம் இல்லாமல் பழகும் பிள்ளைகளை நான் இன்றும் ஏசுவேன்.

வயதைச் சொல்லித் தயங்கும் சகோதரிகளுக்காக இதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பிரான்சிஸ் வில்லார்ட் என்ற சமூகத் தலைவி, தாயை இழந்து உடலும் தளர்ந்திருந்த காலத்தில், தமது 53 ஆவது வயதில் சைக்கிள் பழகினார். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் என்று ஏறத்தாழ மூன்று மாதம் எடுத்ததாம். சைக்கிளுக்குக் கிளாடிஸ் என்று பெயரும் வைத்தார். பெண்கள் சைக்கிள் ஓடுவதையே பலர் முகம் சுளித்துப் பார்த்த காலம் அது. 1895 இல் அந்த அனுபவத்தை ஒரு சிறு நூலாகவும் வெளியிட்டார். என் ஸ்கூட்டிக்கு நான் பெயர் வைக்கவில்லை. மகன் வைத்தான். அதை இங்கே எழுத விடமாட்டான்.

சனத்தின் வாயைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். விழுந்த காயம் ஒரு கிழமையில் ஆறியது. "புருசன் இல்லாதவள் காலமையே வெளிக்கிட்டுத் திரியுறாள்" என்ற கதை ஆற வெகு நாள் எடுத்தது. மாமிக்கும் அந்தப் பயம்தான். "ஆம்பிளை இல்லாத வீடு, பிள்ளை. சனம் என்ன கதைக்கும்?" என்று கேட்டா. மாமியோடு நான் வாதாடவில்லை. அவவுக்கும் மகனை இழந்த துக்கம். மிச்சமிருக்கும் மானத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தா. முதல் மாதச் சம்பளத்தில் மாமியின் கண்ணுக்குக் கண்ணாடி வாங்கினேன். பிறகு கிளினிக்குக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு போக வேண்டி வந்தது. பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். கொண்டை நசிகிறது என்று மாமி அதோடு ஒரு மாதம் சண்டை பிடித்தா. கதைக்கிற சனத்தில் பாதிப் பேர், பிறகு தங்கள் வீட்டு நோயாளியை ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்று என்னிடமே கேட்டு வந்தார்கள். மீதிப் பேர் இன்னும் கதைக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். காதில் விழும்போது இப்போதும் வலிக்கும். வலித்தபடியே திறப்பை எடுப்பேன்.

எனக்குப் பழக்கிய தங்கச்சியைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. செல்லடிக்குள் லொறி ஓடிய அந்தப் பிள்ளைக்கு வங்கிக்குள் போகப் பயம். கச்சான் விற்ற காசு ரின் ஒன்றுக்குள் கிடந்தது. படிவத்தை நீட்டி, அடையாள அட்டையைக் கேட்டு, "முன்னம் எங்கை இருந்தனீங்கள்?" என்று யாரும் கேட்டுவிட்டால் என்ற நினைப்பிலேயே அவளுக்கு வியர்க்கும். ஒரு காரியத்தில் இருக்கும் துணிவு இன்னொன்றுக்குத் தானாக வந்து சேர்வதில்லை என்பதை நான் அவளிடம்தான் கண்டேன். துணிவு என்பது ஆளோடு பிறந்த குணம் என்றால், எங்கள் இரண்டு பேரில் யாரைத் துணிந்தவள் என்பது?

அவள் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன். முதல் நாள் வங்கிக்குள் போய் இருக்கையில் கால் மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தோம். ஒரு வேலையும் பார்க்கவில்லை. காவலாளி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார், அதுவும் பழகட்டும் என்று இருந்தோம். அடுத்த முறை படிவம் மட்டும் வாங்கி வந்து, வீட்டில் இருந்து ஆறுதலாக நிரப்பினோம். என்ன கேள்வி வந்தால் என்ன பதில் என்று நான் உத்தியோகத்தராகவும் அவள் வாடிக்கையாளராகவும் இருந்து பேசிப் பழகினோம். சிரிப்புத்தான் கூடுதலாக வந்தது. மூன்றாம் முறை கருமபீடத்துக்கு அவள் தனியே போனாள். நான் இருக்கையில் இருந்தேன். அவள் பயந்த கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. கையெழுத்து இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்று மட்டும் திருப்பித் தந்தார்கள்.

எல்லோருக்கும் இது இப்படிச் சுலபமாக நடக்கும் என்று நான் சொல்லவில்லை. சில பயங்கள் படிப்படியாகப் பழகி ஆறுவன அல்ல. இரவில் நித்திரை இல்லாமல், கண்ட காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து, வீட்டை விட்டு வெளியே வரவே முடியாமல் மாதக்கணக்காக இருந்தால் அது தனியே தாங்க வேண்டியதல்ல. அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் கட்டணம் இல்லாமல் பார்க்கிறார்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். வீட்டில் அடி, உதை என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அங்கே முதல் முறை போவதற்கும் பயம் வரும். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

என் அனுமதிப்பத்திரக் கதை சுருக்கமானது. முதலில் மருத்துவச் சான்றிதழ் எடுத்தேன். பிறகு எழுத்துப் பரீட்சை. அதைத் தமிழிலேயே எழுதலாம். வீதிச் சமிக்ஞைகளை மகள்தான் இரவில் கேள்வி கேட்டுப் பழக்கினாள். அவளுக்கு அம்மாவுக்கு வகுப்பெடுப்பதில் ஒரே சந்தோசம். பிறகு ஓடிக் காட்டும் நாள். மெதுவாக எட்டுப் போட வேண்டும். என் முறை வரும்வரை கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் நின்ற இருபது வயதுப் பொடியனின் கையும் நடுங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நடுக்கம் குறைந்துவிட்டது, அவனுக்குத்தான் பாவம்.

2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு கியூஆர் அட்டையில் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று வைத்தார்கள். ஒன்பது கிராமமும் அதற்குள் அடங்காது. தூரத்து நான்கு கிராமங்களுக்கு ஸ்கூட்டி, மற்றவற்றுக்குச் சைக்கிள் என்று பிரித்து ஓடினேன். பெற்றோல் வரிசையில் நின்ற பெண்களை எண்ணிப் பார்த்தேன், எங்கள் பக்கத்து ஆட்களே பதினொரு பேர். அவர்களில் மூன்று பேர் அதே பள்ளிக்கூட மைதானத்தில் அதே தங்கச்சியிடம் பழகியவர்கள். இப்போது அவள் சனம் எழும்பின பிறகும் பழக்குகிறாள்.

ஏ9 வீதியில் இரவில் மட்டும் நான் இன்றும் ஓடுவதில்லை. இருட்டில் வீதி நடுவில் மாடுகள் படுத்திருக்கும், எதிரே வரும் பாரவண்டியின் வெளிச்சத்தில் அவை கண்ணுக்குத் தெரியாது. கூட்டம் பிந்தினால் அந்தக் கிராமத்திலேயே யாராவது ஒரு வீட்டில் தங்கிவிட்டு, விடிந்த பிறகு வருவேன்.